எதுக்களிப்பு

தமிழில் 'எதுக்களித்தல்' என்றொரு சொல் இருக்கிறது. உண்டது மேலே வருவது. ஆனால் வாந்தி அல்ல. வாந்தியில் உடம்பு தன் பலத்தையெல்லாம் திரட்டி ஒன்றை வெளியே தள்ளிவிடுகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது. எதுக்களிப்பில் அந்த முடிவு கிடையாது. வந்தது வெளியேறுவதில்லை, உள்ளே தங்குவதுமில்லை. தொண்டைவரை ஏறி, புளித்து, சுட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. என் பாட்டி சர்வசாதாரணமாகப் புழங்கிய சொல் இது. எங்கள் தலைமுறை இதைத் தொலைத்துவிட்டு 'அசிடிடி', 'கேஸ் டிரபிள்', 'அல்சர்' என்று மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் தப்பு. அமிலம் மிகுந்துபோவது இதன் சாரம் அல்ல. காற்று இதன் காரணம் அல்ல. புண் என்பது வேறு வியாதி. பாட்டியின் சொல் மட்டுமே நடப்பதை நடக்கிறபடி சொல்கிறது. பெயர் தப்பினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ராயக்கோட்டையில் என் பெரியப்பா ஒரு ராத்திரி நெஞ்சு எரிகிறது, கேஸ்தான் என்று சொல்லி, சோடா வாங்கிவரச் செய்து குடித்துவிட்டுப் படுத்தார். அது இதயம். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு ஆறு வருஷங்களாக எதுக்களிப்பு இருக்கிறது. இதை ஒரு சிறுபத்திரிகையில் எழுத என்ன அவசியம் என்று கேட்பது நியாயமே. நான் ஓசூரில் ஒரு வங்கிக் குமாஸ்தா. மாதத்துக்கு ஒரு மதிப்புரை எழுதுகிறவன். இரண்டாவது காரியத்தை நான் செய்வது ராத்திரியில். இந்த வியாதிக்கும் அந்த நேரம்தான் உகந்தது. ஒருவன் எழுதுவதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு அவன் வயிற்றினுடையது என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

ஓசூரில் மூன்று பாஷைகள் புழங்குகின்றன. எங்கள் வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, மாடியில் கன்னடம், கீழே நாங்கள். தமிழில் வயிற்றெரிச்சல்; கன்னடத்தில் 'ஹொட்டெகிச்சு'; தெலுங்கில் 'கடுபு மண்ட'. மூன்றிலும் வயிற்றில் நெருப்பு. மூன்றிலும் அர்த்தம் பொறாமை, ஆற்றாமை, பிறர் வாழ்வதைப் பார்க்கச் சகியாமை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்திலும் நெஞ்செரிச்சலுக்கு மனக்கசப்பு என்றொரு பொருள் உண்டு. ஒழுக்கத்தின் ஒரு பகுதியைப் பாஷைகள் வயிற்றில்தான் வைத்திருக்கின்றன. அட்டிபெலே சோதனைச்சாவடியைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது, பஸ் கட்டணம் மாறுகிறது, இது மாறுவதில்லை.

நாலு வருஷங்களுக்கு முன் கிருஷ்ணகிரி நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அவர் பள்ளி ஆசிரியர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்குப் பல புத்தகங்களைக் கொடுத்துப் படிக்க வைத்தவர். மதிப்புரை நாலு பக்கம். பெயரடைகளை இரட்டை இரட்டையாகச் சுமத்துகிறார், படிமங்கள் மொழிபெயர்ப்பில் படித்த ஐரோப்பியக் கவிதைகளின் படிமங்கள், கவிதை முடிந்தபிறகும் நாலு வரி ஓடுகிறது - இப்படிக் குற்றச்சாட்டுகள். கடைசிப் பத்தியில் ஒரு வரி. அதைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கத்துச் சாப்பாட்டைத் தெரிந்திருக்க வேண்டும். கேழ்வரகுக் களியை இங்கே யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்கிவிடுவார்கள். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வெளியூர்க்காரனைக் கண்டுபிடிக்க அவனுக்குக் களி போட்டால் போதும். நான் எழுதியது: களியை மென்று பார்த்துவிட்டுத் துப்புகிறவரைப் போல இவர் அனுபவத்தை மென்று துப்புகிறார், இவர் எதையும் விழுங்கியதில்லை.

எழுதும்போது மணி இரண்டு இருக்கும். மார்பெலும்புக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அந்த வரி வந்ததும் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். அதில் சந்தேகமே இல்லை. பத்திரிகை வந்தபின் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வருவது நின்றது. பிறகு எழுதுவதையும் நிறுத்திவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் வியாதி முற்றி, இருமலும் குரல் கம்மலும் சேர்ந்துகொண்டன. குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியில் சிவந்த கீறல்கள். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். இரைப்பை ஒரு நாளில் ஏறக்குறைய 2 லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆரோக்கியமானவனுக்கும் அப்படித்தான். இரைப்பையின் உட்சுவர் கோழையைப் பூசித் தன்னைக் காத்துக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தசைவளையம். விழுங்கும்போது திறக்க வேண்டும், மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். அது வேண்டாத வேளையில் தளர்கிறது. எல்லோருக்கும் கொஞ்சம் தளரும், சிலருக்கு அடிக்கடி. அதாவது பெரும்பாலான நோயாளிகளிடம் அமிலம் அளவுக்கு மீறி இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது ஜீரணம். ஒரு சாண் மேலே வந்தால் காயம். ராத்திரியில் இது மோசமாவதற்குக் காரணங்கள் உண்டு: அமிலச் சுரப்பு ராத்திரி முன்பகுதியில்தான் உச்சத்துக்குப் போகிறது, தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துபோவதால் மேலே வந்ததைக் கழுவி இறக்க ஆளில்லை, படுத்தவனுக்குப் புவியீர்ப்பின் துணையும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். ஒரு தசைவளையம் தளர்ந்திருந்தது, ஆகவே ஒரு மனிதரைப் பற்றி அப்படி எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு சௌகரியம்.

இரைப்பை விஷயத்தில் மனிதர்கள் இதற்கு நேரெதிரான தவற்றையும் செய்திருக்கிறார்கள். வயிற்றுப்புண்ணை வெகுகாலம் குணத்தின் வியாதியாக நினைத்தார்கள். கவலைப்படுகிறவன், ஆசைப்படுகிறவன், முன்னேறத் துடிக்கிறவன் - அவனுக்கு அல்சர். 1950இல் ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர் மன உடல் நோய்களைப் பற்றிய தம் புத்தகத்தில், அன்பாலும் ஆதரவாலும் ஊட்டப்பட வேண்டும் என்று உள்ளூர ஏங்கி அதை வெளிக்காட்ட முடியாதவனின் இரைப்பை, எப்போதும் சாப்பாட்டை எதிர்பார்ப்பதுபோல் சுரக்கிறது என்று விளக்கினார். மிக அழகான விளக்கம். ஒரு நாவலாசிரியனுக்குக்கூட இது தோன்றியிருந்தால் மெச்சியிருப்போம். பெர்த் நகரில் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியின் வளர்ப்பு நீரைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. புண்களில் பெரும்பான்மைக்குக் காரணம் ஏக்கமல்ல, ஒரு பாக்டீரியா. ஓரிரு வாரம் மருந்து சாப்பிட்டால் தீரும். எத்தனை குமாஸ்தாக்கள், எத்தனை மனைவிமார்கள் உன் சுபாவம்தான் உன் புண் என்று கேட்டுக்கொண்டே செத்திருப்பார்கள்!

இந்தப் பிராந்தியத்துக்கும் அந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1950களிலும் 60களிலும் அறுவை மருத்துவராயிருந்த ஃபிராங்க் டோவி, அரிசி உண்கிற பகுதிகளில் சிறுகுடல் புண் அதிகம், சிறுதானியமும் பருப்பும் உண்கிற பகுதிகளில் குறைவு என்று கவனித்து, பிற்பாடு இந்தியா முழுவதற்குமாக ஆராய்ந்து 1979இல் எழுதினார். அதற்கு முன்பே 1964இல் ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, வடக்கே புண் குறைவாயிருப்பதற்கு அவர்கள் கோதுமையை நன்றாக மென்று எச்சிலோடு கலப்பது காரணம் என்று வாதித்தார். மெல்லாமல் விழுங்கப்படும் நம் களி இந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சாட்சி, இன்னொருவருக்குச் சங்கடம். இரண்டும் புண்ணைப் பற்றியவை, எதுக்களிப்பைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். களிக்கடைக்காரர்கள் இதைப் பலகையில் எழுதி வைத்துவிடக் கூடாது.

எதுக்களிப்புக்கு அப்படியொரு கிருமி அகப்படவில்லை. ஆகவே இந்த வியாதியில் மருத்துவம் மறுபடி ஒழுக்க சாஸ்திரமாகிவிடுகிறது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடி. வயிறு முட்டச் சாப்பிடாதே. எடையைக் குறை. சிகரெட்டை விடு. காப்பியும் எண்ணெய்ப் பலகாரமும் உனக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று நீயே பார்த்துக்கொள். இடது பக்கமாகப் படு. கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்து. (தலையணைகளை அடுக்குவதால் பயனில்லை, இடுப்பில் மடிந்து வயிறுதான் அழுந்தும். நான் செங்கல் வைத்து, உயரம் போதாமல் எங்கள் பத்திரிகையின் விற்காத பிரதிகளைக் கட்டாகக் கட்டி அதன்மேல் வைத்திருக்கிறேன். தாங்குகிறது.) திருக்குறளில் 'மருந்து' என்கிற 95ஆம் அதிகாரமும் இந்த மரபைச் சேர்ந்ததே, பெயர் மருந்து, ஆனால் பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை, பெரும்பகுதி உண்ணும் அளவையும் வேளையையும் பற்றியது. அதன் நிதானத்தை எவ்வளவு மெச்சினாலும், உண்கிறவனே தன் உணவு வேளைக்கு எஜமானன் என்ற ஓர் அனுமானம் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தர்மபுரி பக்கம் மொரப்பூரிலிருந்து வந்தவர். 1970களில் சிப்காட் வந்து, 1980களில் மொபெட்டும் லாரியும் கடிகாரமும் செய்யத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் மூன்று ஷிப்டில் சுவாசிக்கிறது. ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, ஒரு வாரம் இரண்டிலிருந்து பத்து, ஒரு வாரம் ராத்திரி பத்திலிருந்து ஆறு. அவருக்கும் என் வியாதிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன், கொஞ்சம் உற்சாகமாகவே. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஸார், எங்களுக்குக் கேன்டீன் பெல் அடிச்சாத்தான் பசிக்கணும். ராத்திரி ஒண்ணரைக்குச் சோறு போடுவான். ரெண்டு மணிக்கு மெஷின்ல நிக்கணும். மூணு மணி நேரம் கழிச்சுப் படுன்னா, காலைல வந்து பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு எட்டு மணிக்கு டிபனைத் தின்னுட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கணும். நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும். நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க.”

கணக்குப் போட்டேன். ஐந்து மணி நேரத் தூக்கம். அவர் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் பேன்டோபிரசோல் வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு என்ற விதி அவருக்கு அர்த்தமற்றது, எது காலை?

இந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976இல் ஜேம்ஸ் பிளாக்கின் சிமெடிடின் சந்தைக்கு வந்தது. அவருக்கு 1988இல் நோபல். பிறகு ரானிடிடின், அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு மாசு கண்டுபிடிக்கப்பட்டு 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் போயிற்று. 1988இல் ஒமிப்ரசோல் வந்தது. பேன்டோபிரசோல் அதன் வம்சம். இவை அமிலத்தைச் சுரக்கும் பம்பையே அடைத்துவிடுகின்றன. மிகவும் பயனுள்ளவை, என் கீறல்கள் ஆறியது இவற்றால்தான். ஆனால் ஒன்று: மாத்திரை அந்தத் தசைவளையத்தைச் சரி செய்வதில்லை. உண்டது முன்போலவே மேலே வருகிறது. சுடாமல் வருகிறது, அவ்வளவுதான். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். 'குணம்னு சொல்ல முடியாது, சமாளிச்சுக்கலாம்' என்றார் டாக்டர். நகைக்கடன் மேஜையில் இருக்கிற எனக்கு அது உடனே விளங்கியது. வருஷம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி அதே நகையை அதே தொகைக்கு மறுபடி வைத்துவிட்டுப் போகிறார்களே, அவர்களும் சமாளிக்கிறார்கள். புத்தகத்தில் கடன் புதுசாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்று நான் பேசிய பேச்சு என்னை வெகுநாள் உறுத்தியது. அவருடைய நிர்ப்பந்தத்தை அவருடைய ஒழுங்கின்மையாக எடுத்துக்கொண்டுதானே பேசினேன்? சாப்பாட்டு இடைவேளை உள்ள ஒருவன், அது இல்லாத ஒருவனிடம் காட்டிய அக்கறை. இப்படிப் போனபோதுதான் நண்பரைப் பற்றி எழுதிய வரி திரும்ப வந்தது. ஒருவர் எதையும் விழுங்கியதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கவிதையில் வரவில்லை என்பதால் வாழ்வில் இல்லை என்றாகிவிடுமா? அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அதில் விழுங்க வேண்டியவை நிறைய இருந்தன.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் மாதம் மதிப்புரையையும் தொகுதியையும் சேர்த்து வைத்து மறுபடி படித்தேன். நெஞ்சு அமைதியாக இருந்தது. பெயரடை பற்றிய குற்றச்சாட்டு நின்றது. படிமங்கள் பற்றியது பாதி நின்றது. கவிதை முடிந்தும் ஓடுகிறது என்பது முழுக்க நின்றது. கடைசி வரிக்கு மட்டும் தொகுதிக்குள் ஆதாரம் ஒன்றையும் என்னால் காட்ட முடியவில்லை. அது கவிதையைப் பற்றியதே அல்ல, ஆளைப் பற்றியது.

இங்கே வில்லியம் ஜேம்ஸ் குறுக்கிடுகிறார். சமய அனுபவத்தின் வகைகளைப் பற்றிய 1902ஆம் வருஷத்துப் புத்தகத்தின் முதல் உரையிலேயே, பெரியோர்களின் தரிசனங்களை அவர்கள் உறுப்புக் கோளாறுகளால் விளக்கித் தள்ளிவிடும் போக்கை அவர் மருத்துவப் பொருள்முதல்வாதம் என்று பரிகசிக்கிறார். கார்லைலின் துயரக் குரலை அவருடைய இரைப்பை அழற்சி என்று முடித்துவிடுவதும் அவர் தரும் உதாரணங்களில் ஒன்று. கார்லைல் ஆயுள் முழுவதும் அஜீரணத்தோடு மல்லுக்கட்டியவர். ஜேம்ஸின் வாதம் எளிது. நோயாளியின் எண்ணம் உடம்பிலிருந்து வருகிறது என்றால் ஆரோக்கியவானின் எண்ணமும் உடம்பிலிருந்தே வருகிறது. நாத்திகனின் நாத்திகத்துக்கும் ஒரு கல்லீரல் உண்டு. எங்கிருந்து பிறந்தது என்பதால் ஓர் எண்ணம் மெய்யாவதுமில்லை, பொய்யாவதுமில்லை. வேறு வழிகளில்தான் சோதிக்க வேண்டும்.

இது என் சௌகரியத்தை இரண்டு பக்கமும் அடைக்கிறது. எரிச்சலில் எழுதியது, ஆகவே தவறு என்று நான் மன்னிப்புக் கேட்க முடியாது. மாத்திரை போட்ட நிதானத்தில் படித்தேன், ஆகவே இந்தத் தீர்ப்பு சரி என்றும் சொல்ல முடியாது. பேன்டோபிரசோலுக்கு அப்படியொரு இலக்கிய அதிகாரம் யார் கொடுத்தது? நம்மிடையே எரிச்சலைத் தார்மீகக் கோபம் என்று போற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தூக்கமின்மை, வெறும் வயிற்றில் பத்து டீ, சிகரெட், அதன்மேல் ஒரு கட்டுரை. அந்தத் தீ அணைந்துவிட்டால் எழுத்தும் போய்விடும் என்று பயந்து வைத்தியம் பார்க்காமலிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கடைசியில் விழுங்குவதே கஷ்டமாகி, எடை குறைந்து, அப்புறம்தான் போனார். அந்த இரண்டும் தெரிந்தால், அல்லது மலம் கறுத்தால், சமாளிக்கிற கட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்; இதை மட்டும் எந்தத் தத்துவமும் கலக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆக, எனக்கு மிஞ்சியது ஆதாரம் என்கிற ஒரே சோதனை. அதன்படி அந்த ஒரு வரி தேறவில்லை. நண்பருக்குக் கடிதம் எழுதினேன். வியாதியைக் குறிப்பிடவில்லை, அதை ஒரு சலுகையாகக் கேட்பதாக ஆகிவிடும். மதிப்புரையின் மற்ற அபிப்பிராயங்களில் நான் நிற்கிறேன், படிமங்களைப் பற்றியதில் பாதி தூரம்தான். கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன், அதை எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை, அடுத்த இதழில் அச்சிலும் அப்படியே சொல்கிறேன் என்று எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அவர் எழுதியதன் சாரம் இது: அச்சில் ஒன்றும் போட வேண்டாம். பெயரடை, படிமம் பற்றியெல்லாம் நீங்கள் சொன்னது நீங்கள் படித்த புத்தகங்கள் சொன்னது. நானும் அவற்றைப் படித்திருக்கிறேன், பலவற்றை நான்தான் உங்களுக்குக் கொடுத்தேன். அந்த வரி ஒன்றுதான் உங்களுடையது. அதைப் படித்து ஒரு வருஷம் உங்கள்மேல் ஆத்திரமாக இருந்தேன். பிறகு தொகுதியிலிருந்து பதினோரு கவிதைகளை அடித்துவிட்டேன். எழுதாமலிருப்பது உங்களால் அல்ல, அதற்கப்புறம் எழுத நேர்மையாக ஒன்றும் வரவில்லை என்பதால். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன் என்கிறீர்கள். அடித்த பதினொன்றையும் நான் என்ன செய்வது?

கடைசியில், உடம்பு எப்படியிருக்கிறது, ராத்திரி இருமல் நின்றதா என்று கேட்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன், ஒரு முறை மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு முறை போடாமல்.